துரங்கோவில் டென்வர் சேனல் பார்க்க வழி உண்டா?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இது: "டென்வரில் பன்னிரண்டு வருடம் இருந்தோம். இப்போது கொலராடோவின் தென்மேற்கு மூலையில், துரங்கோ பக்கம் வீடு மாறிவிட்டோம். டிஷ் வைத்தால் உள்ளூர் சேனல் என்று நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி சேனல்களைத்தான் தருகிறார்கள். எனக்கு டென்வர் செய்தியும் டென்வர் ஃபுட்பால் அணியான பிராங்கோஸின் ஆட்டமும் போதும். மெயின் பேக்கேஜ் வாங்காமல் வெளியூர் நெட்வொர்க் சேனல்களை மட்டும் தனியாக டிஷ்ஷில் வாங்கலாம் என்று பழைய பதிவு ஒன்றில் படித்தேன். இப்போதும் முடியுமா?"

நீங்கள் படித்தது பொய்யில்லை. அது 2006 கடைசியில் திறந்த ஒரு கதவு. இன்று வீட்டில் வைத்த டிஷ்ஷுக்கு அந்தக் கதவு கிடையாது. மோட்டார் ஹோம் வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு சந்து பாக்கி இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. துரங்கோ இருக்கும் கவுண்டியே (நம்மூர் மாவட்டம் மாதிரி) அதற்காக ஒருமுறை மனுப் போட்டு ஜெயித்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கதவு ஏன் திறந்தது, ஏன் மூடியது என்று தெரியாமல் போனால் யாராவது உங்களிடம் "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மூரில் சன் டிவி என்றால் கம்பத்திலும் கோவையிலும் ஒரே சன் டிவிதான். அமெரிக்காவின் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் அப்படியில்லை. நாட்டை நீல்சன் நிறுவனம் 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலிடம் நியூயார்க். கடைசி இடம் மொன்டானாவின் கிளெண்டைவ் என்ற சின்ன ஊர். ஒவ்வொரு சந்தையிலும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் உள்ளூர் நிலையம். அதற்குத் தனி முதலாளி, தனிச் செய்தி, தனி விளம்பர வருமானம். நெட்வொர்க் தொடர் ஒன்று டென்வரில் ஓடும்போது நடுவில் வரும் டென்வர் கார் கடை விளம்பரம்தான் டென்வர் நிலையத்துக்குச் சோறு. ஆல்புகர்க்கி சந்தையில் இருக்கிற வீடு டென்வர் நிலையத்தைப் பார்த்தால், ஆல்புகர்க்கி நிலையத்தின் தட்டிலிருந்து அந்தச் சோறு போகிறது. வானத்திலிருந்து விழும் அலைக்கு மாநில எல்லை தெரியாது. தகராறு முழுக்கப் பதிப்புரிமைச் சட்டம் தரையில் போட்ட கோட்டைப் பற்றியது.

சி-பேண்ட் காலத்தில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. பத்தடி விட்டத்தில் கொல்லைப்புறத்தில் நின்ற அந்த ராட்சதத் தட்டுகளைச் சொல்கிறேன். தட்டு வைக்க உரிமம் வேண்டாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1979-இல் சொன்னது. பூட்டில்லாத சிக்னலை வீட்டில் பார்ப்பது குற்றமில்லை என்று 1984 சட்டம் சொன்னது. நெட்வொர்க்குகள் தங்கள் நிலையங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பிய ஊட்டுச் சிக்னலே பூட்டில்லாமல் வானத்தில் கிடந்தது. விளம்பர இடைவேளையில் கேமரா ஓடிக்கொண்டே இருக்க, செய்தி வாசிப்பவர் டையைச் சரிசெய்வதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1986 ஜனவரியில் எச்பிஓ தன் சிக்னலைப் பூட்டியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பூட்டத் தொடங்கினார்கள்.

பூட்டு வந்த பிறகும் பெரிய தட்டுக்காரருக்கு ஒரு வசதி இருந்தது: அங்கே "மெயின் சந்தா" என்ற ஒன்றே கிடையாது. டிகோடரின் எண்ணைச் சொல்லி, எந்த விற்பனையாளரிடம் வேண்டுமானாலும் எந்தச் சேனலையும் உதிரியாக வாங்கலாம். டென்வர் நிலையங்களையே ஒரு கட்டாகக் கட்டி, "டென்வர் 5" என்று நாடு முழுக்க விற்றார்கள். நீங்கள் இன்று ஏங்குகிற அதே சேனல்கள், அன்று மெய்ன் மாநிலப் பண்ணை வீட்டிலும் ஓடின. கான்சாஸில் ஒரு விவசாயி தன் நிலத்தில் துருப்பிடித்து நின்ற தட்டை "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று எனக்கு இலவசமாகத் தந்தார். தந்துவிட்டு அரைமணி நேரம் இந்தக் கதையைத்தான் சொன்னார்.

அந்த விற்பனைக்குச் சட்ட அடித்தளம் போட்டது 1988-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் வீட்டுப் பார்வையாளர் சட்டம். நிலையங்களிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமல், ஒரு குறிப்பிட்ட கட்டணத்தைக் கட்டி, வெளியூர் நெட்வொர்க் சேனலை மறுஒளிபரப்பலாம் என்றது. ஒரே நிபந்தனை: வாங்கும் வீடு "சேவை எட்டாத வீடாக" இருக்க வேண்டும். கூரையில் சாதாரண ஆன்டெனா வைத்தும் அந்த நெட்வொர்க்கின் உள்ளூர் நிலையம் கிரேட் பி என்கிற அளவுக்கு எட்டாத வீடு என்று அர்த்தம். மலைக்குப் பின்னால், பாலைவன நடுவில் இருப்பவருக்காகப் போட்ட சட்டம் இது. ஊருக்குள் இருந்துகொண்டு "எனக்கு நியூயார்க் சேனல்தான் பிடிக்கும்" என்பவருக்காக இல்லை.

நடந்தது என்னவோ வேறு. பிரைம்டைம் 24 என்ற நிறுவனம், போனில் சந்தா கேட்டவரிடம் "ஆன்டெனாவில் படம் தெளிவாக வருகிறதா?" என்று கேட்கும். அவர் "வரவில்லை" என்பார். அவ்வளவுதான், சேனல் கிடைத்துவிடும். யார் "நன்றாக வருகிறதே" என்று சொல்லப் போகிறார்கள்? சிபிஎஸ்ஸும் ஃபாக்ஸும் மயாமி நீதிமன்றத்துக்குப் போயின. அளவிட வேண்டியது சிக்னலின் வலிமையை, வாடிக்கையாளரின் வாய்வார்த்தையை அல்ல என்று 1998-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1999-இன் முதல் மாதங்களில் லட்சக்கணக்கான வீடுகளில் நெட்வொர்க் சேனல்கள் அணைந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களின் போன்கள் ஓயாமல் அடித்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே புதுச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்கர்களின் டிவியில் கை வைத்தால் காங்கிரஸ் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1999 சட்டம்தான் ஆட்டத்தை மாற்றியது. உள்ளூர் நிலையங்களை அதே ஊருக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தரலாம் என்றது. 2001 நவம்பரில் ஏவப்பட்ட டைரக்டிவி-4எஸ், அடுத்த பிப்ரவரியில் போன எக்கோஸ்டார்-7 இரண்டும் ஸ்பாட் பீம் வைத்திருந்தன. அதாவது நாடு முழுக்கப் பரவும் கற்றைக்குப் பதிலாக, ஒரு வட்டாரத்தின் மேல் மட்டும் விழும் குறுகிய கற்றை. ஒரே அலைவரிசையை எதிரெதிர் மூலைகளில் வெவ்வேறு ஊர்ச் சேனல்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். உள்ளூர் சேனல் தருவது மலிவானது. உள்ளூர் சேனல் தட்டிலேயே வருகிறது என்றால் "சேவை எட்டாத வீடு" என்று எதைச் சொல்வது? 2004 திருத்தம் இதையே எழுத்தில் போட்டது: உள்ளூர் கிடைக்கிற இடத்தில் புதிதாக வெளியூர் கிடையாது.

இனி நீங்கள் படித்த அந்தப் பழைய பதிவு. எக்கோஸ்டார், அதாவது டிஷ் நெட்வொர்க்கை நடத்திய நிறுவனம், தகுதியில்லாத வீடுகளுக்கு வெளியூர் சேனல் தந்ததாக வழக்கு பல வருடம் ஓடியது. இப்படித் தருவதையே வாடிக்கையாக வைத்திருந்தால் நாடு முழுக்க நிரந்தரத் தடை என்பது சட்டத்தில் உள்ள தண்டனை. 2006 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையைப் போடத்தான் வேண்டும் என்றது. பயந்துபோன எக்கோஸ்டார், நிலையங்களோடு 10 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. ஃபாக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் ஒத்துக்கொண்டது போதாது, சட்டம் எனக்கு வேறு வழி விடவில்லை என்று நீதிபதி தடையைப் போட்டார். 2006 டிசம்பர் 1 முதல் டிஷ் எவருக்கும் வெளியூர் நெட்வொர்க் தரக்கூடாது. உண்மையிலேயே சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கு வீட்டுக்கும் சேர்த்துத்தான் தடை.

அதே டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. இண்டியானாபொலிஸில் இருந்து பெரிய தட்டுக்காரர்களுக்கு உதிரிச் சேனல் விற்றுவந்த நேஷனல் புரோகிராமிங் சர்வீஸ், எக்கோஸ்டாரிடமே ஒரு டிரான்ஸ்பாண்டரை, அதாவது செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை, குத்தகைக்கு எடுத்தது. ஆல் அமெரிக்கன் டைரக்ட் என்ற பெயரில் வெளியூர் நெட்வொர்க் சேனல்களை விற்கத் தொடங்கியது. அதே டிஷ், அதே ரிசீவர்; சேனலுக்கான பில் மட்டும் வேறு நிறுவனத்தின் பெயரில். தடை எக்கோஸ்டாருக்குத்தானே, எங்களுக்கு இல்லையே என்பது அவர்கள் வாதம். நெட்வொர்க்குகள் கொதித்துப் போய் மறுபடி நீதிமன்றம் ஏறின. குத்தகைக்கு விடுவது தடையை மீறுவதாகாது என்று தீர்ப்பு வந்தது. குறுக்கு வழி மாதிரி தெரிந்தாலும் அது நேர் வழிதான் என்பது என் கட்சி. தகுதி விதியை அவர்கள் தளர்த்தவில்லை. முகவரியைப் போட்டால் சிக்னல் கணக்கீடு ஓடும். தகுதி இருந்தால்தான் சேனல் வரும். பழைய பதிவுகளில் இந்தப் பாதியை மட்டும் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

2010 சட்டம் டிஷ்ஷுக்கு ஒரு பேரம் வைத்தது: 210 சந்தைகளிலும் உள்ளூர் சேனல் கொடு, தடையை நீக்குகிறோம். டிஷ் அந்த ஆண்டே கொடுத்துக் காட்டியது. டிஷ்ஷின் போட்டி நிறுவனமான டைரக்டிவி கடைசிவரை 12 சின்னச் சந்தைகளை விட்டே வைத்திருந்தது. கிளெண்டைவ், நார்த் பிளாட், சான் ஆஞ்செலோ, பிரெஸ்க் ஐல் மாதிரி ஊர்கள். அங்கே உள்ளூருக்குப் பதில் வெளியூர் நெட்வொர்க்கை விற்றது. 2019 டிசம்பரில் வந்த சட்டம் அதற்கும் முடிவு கட்டியது. இனி வெளியூர் உரிமம் இரண்டே வகைக்கு: சில நெட்வொர்க்குக்கு நிலையமே இல்லாத குறைச் சந்தைகள், அப்புறம் ரோட்டில் ஓடும் வண்டிகள். அதுவும் 210 சந்தைகளிலும் உள்ளூர் தருகிற நிறுவனம் மட்டுமே விற்கலாம். பழைய ஏற்பாடுகளுக்கு 2020 மே 31 வரை அவகாசம். அதோடு வீட்டுக்கான கதை முடிந்தது.

வண்டி என்றால் மோட்டார் ஹோமும் சரக்கு லாரியும். இங்கே வழக்கமான சிக்னல் சோதனை கிடையாது. வண்டியின் பதிவுச் சான்று நகலும், வண்டியில்தான் பார்ப்பேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் தர வேண்டும். சக்கரம் இருந்தாலும் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் மொபைல் ஹோம் கணக்கில் வராது. வண்டிக்கு வாங்கிவிட்டு ரிசீவரைத் தூக்கி வீட்டு ஹாலில் வைப்பதும் உறுதிமொழியை மீறுவதுதான். இதைக்கூட வழக்கமாக அடிப்படைப் பேக்கேஜுக்கு மேல் சேர்த்துத்தான் விற்பார்கள். ஆக "மெயின் சந்தா இல்லாமல்" என்ற உங்கள் நிபந்தனை இங்கேயும் நிறைவேறாது.

"டென்வர் நண்பர் முகவரியைக் கொடுத்துவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். ஒப்பந்த மீறல் என்பது ஒருபக்கம். மற்றொரு பக்கம் ஸ்பாட் பீம்: டென்வர் கற்றை மலைத்தொடரைத் தாண்டி எவ்வளவு தூரம் சிந்துகிறது என்பது செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் மாறும். ஓரத்தில் கிடைத்தாலும் மழை மேகம் வந்தால் முதலில் போவது அதுதான். எனக்கு இந்த வழி பிடிக்காது, யாருக்கும் சொல்வதுமில்லை.

இப்போது உங்களுக்கான நல்ல செய்தி. துரங்கோ இருக்கும் லா பிளாட்டா கவுண்டி, இந்தத் துறையில் "அனாதைக் கவுண்டி" என்று சொல்லும் வகை. கொலராடோவுக்கு வரி கட்டி, கொலராடோ ஆளுநருக்கு ஓட்டுப் போட்டு, நியூ மெக்சிகோ ஆளுநர் தேர்தல் விளம்பரத்தைப் பார்க்கும் ஊர். 2014 சட்டம் இப்படிப்பட்ட கவுண்டிகள் செயற்கைக்கோள் சேவைக்குச் சந்தை எல்லையைத் திருத்தச் சொல்லி எஃப்சிசியிடம் மனுப் போடலாம் என்றது. லா பிளாட்டா போட்டது. டென்வரின் கேயுஎஸ்ஏ, கேசிஎன்சி, கேஎம்ஜிஎச், கேடிவிஆர் நான்கையும் உள்ளூர் நிலையங்களாகக் கருதலாம் என்று 2017-இல் எஃப்சிசி ஒத்துக்கொண்டது. ஆணை வந்துவிட்டால் சேனல் தானாக வந்துவிடாது. நிலையமும் டிஷ் நிறுவனமும் விலை பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் போன் செய்யும்போது "வெளியூர் சேனல் வேண்டும்" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவர் "கிடையாது" என்று வாசித்துவிடுவார். "லா பிளாட்டா கவுண்டிக்குச் சந்தைத் திருத்தம் ஆன டென்வர் நிலையங்களில் எவை என் முகவரிக்கு வருகின்றன?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் மேலதிகாரியைக் கேளுங்கள். கவுண்டி அலுவலகத்திலும் விசாரியுங்கள். மனுப் போட்டவர்கள் அவர்கள்தான்.

சந்தாவே வேண்டாம் என்றால், வானத்தில் இலவசமாக விழுவதைப் பிடிக்கும் எஃப்டிஏ இருக்கிறது. ஆனால் இதில் டென்வர் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிட்டில் ராக்கிலிருந்து ஈக்விட்டி என்ற நிறுவனம் பல சிறு ஊர் நிலையங்களைப் பூட்டில்லாமல், சின்னத் தட்டே போதுமான கேயு-பேண்ட் அலைவரிசையில் ஏற்றிவந்தது. சின்னத் தட்டில் மொன்டானா நிலையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2008 டிசம்பரில் அது திவாலானதும் அந்தக் காலம் போயிற்று. பொது ஒளிபரப்பான பிபிஎஸ் 125 டிகிரி மேற்கில் நிற்கும் செயற்கைக்கோளிலும், என்பிசியின் ஊட்டுச் சிக்னல் சி-பேண்டில் 103 டிகிரியிலும் பல வருடம் பூட்டில்லாமல் கிடைத்தன. ஊட்டுச் சிக்னலில் உள்ளூர் செய்தி வராது. உள்ளூர் விளம்பர நேரத்தில் வெற்றுத் திரை நிற்கும். சி-பேண்டில் இறங்குவதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 2021-இல் முடிந்த ஏலத்தில் 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்குப் போய்விட்டது. சேனல்கள் 4.0-க்கு மேலே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் 5ஜி கோபுரம் இருந்தால் தட்டின் முன்னே சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடாமல் படம் நிற்காது. பழைய தட்டு இலவசமாகக் கிடைக்கும். அதை நட்டு, காங்கிரீட் போட்டு, மோட்டாரைச் சரிசெய்வதில்தான் முதுகு போகும்.

"எஃப்டிஏ பாக்ஸ்" என்று சொல்லி எல்லாச் சேனலும் வருமென்று விற்பவரிடம் போகவே போகாதீர்கள். அது திருட்டு மென்பொருள் ஏற்றிய பெட்டி. 2009 வாக்கில் டிஷ் தன் பூட்டு முறையை மாற்றியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. மிச்சமிருப்பது ஏமாற்றுத்தான்.

இவ்வளவு பேசிவிட்டு ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. கொலராடோ மலைப் பள்ளத்தாக்குகளில் டிரான்ஸ்லேட்டர்கள் நிறைய உண்டு. தொலைவிலுள்ள நிலையத்தின் சிக்னலை மலையுச்சியில் வாங்கி, வேறு அலைவரிசையில் பள்ளத்தாக்குக்குள் இறக்கிவிடும் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் அவை. உங்கள் வீட்டிலிருந்து எந்த உச்சி தெரிகிறது என்பதைப் பொறுத்து, எதிர்பாராத ஊர்ச் சேனல்கள் கிடைக்கலாம். ஒரு நல்ல யுஎச்எஃப்-விஎச்எஃப் கூரை ஆன்டெனாவை வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். வீட்டுச் சங்கம் தடுத்தால், உங்களுக்கே உரிய இடத்தில் வைக்கும் டிவி ஆன்டெனாவையும் ஒரு மீட்டருக்குள் அடங்கும் டிஷ்ஷையும் தடுக்கக்கூடாது என்று எஃப்சிசி விதி 1996 முதலே இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

டென்வரில் உறவுக்காரர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் ஓர் ஆன்டெனாவும், வெளியிலிருந்து பார்க்கும் வசதியுள்ள டேப்லோ மாதிரி டியூனர் பெட்டியும் வைத்து, உங்கள் டிவியில் நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். முன்பு ஸ்லிங்பாக்ஸ் செய்த வேலைதான் இது; அதன் சர்வர்களை 2022 நவம்பரில் அணைத்துவிட்டார்கள். இதை நாலு பேருக்குக் காசு வாங்கிப் பகிர்ந்தால் கதை மாறும். அப்படிச் செய்த ஏரியோ 2014-இல் உச்சநீதிமன்றத்திலும், லாபமில்லாமல் நடத்துகிறோம் என்ற லோகாஸ்ட் 2021-இலும் விழுந்தன. உறவுக்காரர் வீட்டு இணையத்தின் மேலேற்ற வேகத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பையன் வீடியோ கேம் ஆடும் நேரத்தில் உங்கள் படம் உறைந்தால் உறவும் கொஞ்சம் உறையும்.

செய்திக்கு மட்டும் என்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம். டென்வர் நிலையங்கள் தங்கள் செய்தியை ஆப்களில் இலவசமாகவே ஓடவிடுகின்றன. அங்கே முகவரி கேட்பதில்லை, ஏனென்றால் செய்தி அவர்களுடைய சொந்தச் சரக்கு. நெட்வொர்க் தொடரும் ஆட்டமும்தான் பிறருடைய சரக்கு. பிராங்கோஸைப் பொறுத்தவரை, ஆல்புகர்க்கி நிலையமே பல ஞாயிறுகளில் அவர்கள் ஆட்டத்தைத்தான் போடும். அதில் வராத வாரத்துக்கு, வெளியூர் ஆட்டங்களைக் காட்டும் கட்டணச் சேவையான சண்டே டிக்கெட் இருக்கிறது. 2023 முதல் அது டைரக்டிவியில் இல்லை, யூடியூபில்.

நீங்கள் துரங்கோ ஊருக்குள்ளா, பேஃபீல்ட் பக்கமா, மேற்கே மான்டெசூமா கவுண்டியிலா என்று எழுதவில்லை. கவுண்டியை எழுதுங்கள். தெற்கு வானத்தை மரமோ மலையோ மறைக்கிறதா, கூரையிலிருந்து எந்த மலையுச்சியில் கோபுரம் தெரிகிறது என்பதையும் பார்த்துச் சொன்னால் எந்த ஆன்டெனா, எந்தத் திசை என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.